லயத்தைச் சுற்றிப் போகும் வழி

எனக்கு வேலை நடக்கிறது. ரிசார்ட்டில் தங்க வருகிறவர்களைக் காலையில் கூட்டிக்கொண்டு கிளம்புவேன். தேயிலைக்குள் நடத்தி, சதுப்பைத் தாண்டி, சோலைக்காட்டில் ஏறி, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பழைய ஊரைக் காட்டி, வெளிச்சம் இருக்கும்போதே திரும்பக் கொண்டுவந்து விடுவேன். முன்னால் தேயிலை ஃபேக்டரியில் இருந்தேன். ஃபேக்டரி பாதி நாள் மூடிக் கிடக்க ஆரம்பித்ததும் இதற்கு வந்துவிட்டேன். தொப்பி, சட்டை, பூட்ஸ், ஒரு விசில் கொடுத்தார்கள். விசில் யானைக்கு என்றார்கள். யானை விசிலுக்குப் பயப்படாது. நான் அதைச் சொல்லவில்லை.

ரிசார்ட் கேட்டிலிருந்து மலை மேட்டுக்கு ஏற நேர் ரோடு ஒன்று உண்டு. அது எங்கள் லயத்துக்கு நடுவில் போகும். லயம் என்றால் எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடு. ஒரே தகரக் கூரை, அதற்குக் கீழே கதவு கதவாகக் குடும்பங்கள். முன்னால் விறகு, பக்கத்தில் சாக்கடை, மேலே டிஷ் ஆன்டெனா. என் கதவு கடைசியில் இருக்கிறது. நான் கல்யாணம் கட்டவில்லை. ஒரு ஆளுக்கு அந்த இடம் போதும்.

அந்த ரோட்டில் நான் யாரையும் கூட்டிப் போவதில்லை. ரிசார்ட்டில் யாரும் போகாதே என்று சொல்லவில்லை. நானாகத்தான். வேலைக்கு வந்த புதிதில் ஒரு கூட்டத்தை அந்த வழியாகக் கூட்டிப் போனேன். அதில் ஒருத்தர் கொடியில் காய்ந்த உள்பாவாடைகளை நின்று நின்று படம் எடுத்தார். அதில் ஒன்று என் அக்காவுடையது. அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "நல்லா வருதாய்யா படம்?" என்று கேட்டாள். அவருக்குத் தமிழ் தெரியாது, சிரித்துத் தலையாட்டினார். அக்காவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாளிலிருந்து சதுப்பு வழியைப் பிடித்துவிட்டேன். கொஞ்சம் சுற்று. ஆனால் லயம் தூரத்தில் ஒரு கோடு மாதிரிதான் தெரியும்.

சதுப்பு வழி நல்ல வழி. அதில் பொய் இல்லை. ரெண்டு தேயிலை மேட்டுக்கு நடுவே பள்ளம். வருஷம் பூராவும் தண்ணீர் கசியும். கோரை ஆள் உயரம் நிற்கும். காலையில் பனி அந்தப் பள்ளத்தில் மட்டும் பால் மாதிரி கிடக்கும். தவளை கத்தும், தண்ணிக்கோழி ஓடும். நடுவில் மண்ணும் மரத்தடியும் போட்டு எப்போதோ விறகு கொண்டுவரக் கட்டிய கரை ஒன்று இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு ஆள் நடக்கலாம். எதிரே ஆள் வந்தால் ஒருத்தர் சரிவில் காலை வைத்து ஒதுங்கவேண்டும். கரை முடிகிற இடத்தில் ஒரு கிராண்டிஸ் யூகலிப்டஸ் தோப்பு. "அது என்ன தோப்பு?" என்று கேட்பார்கள். "மரம் வளக்காங்க சார்" என்பேன். அது எங்கள் சுடுகாடு. எங்கள் அப்பா அங்கேதான் இருக்கிறார், அம்மாவும்.

அக்காவும் நானும் ரெண்டே பேர். அக்காவைக் கட்டிக் கொடுத்தது இதே எஸ்டேட்டில், என் வரிசைக்கு அடுத்த மேல் லயத்தில். அத்தான் செத்து நாளாயிற்று. மகன் கம்பம்மெட்டில் ஏலக்காய்க் கடையில் இருக்கிறான். எங்கள் அப்பாவின் ஊர் சங்கரன்கோயில் பக்கம். அங்கே இப்போது எங்களுக்கு ஆள் இல்லை. ஆகவே அக்காவுக்குப் பிறந்த வீடு என்றால் நான் மட்டும்தான்.

அக்காவுக்குச் சர்க்கரை. பிறகு கிட்னி. கோட்டயத்துக்குக் கொண்டு போய்ப் பார்த்தோம். வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அது எதற்குச் சொல்கிற சொல் என்று எல்லாருக்கும் தெரியும். மகன் லீவு போட்டு வந்து இருந்தான். நான் சாயங்காலம் தோறும் போய் உட்காருவேன். எதிர் லயத்து மதினி எனக்கு முன்னாலேயே அங்கே இருப்பார். அவரும் அக்காவும் ஒரே ஃபீல்டில் பக்கத்துப் பக்கத்து வரிசையில் கொழுந்து எடுத்தவர்கள். வேறு ஆட்கள்தான். உறவு ஒன்றும் கிடையாது. ஆனால் ஒருத்தரை ஒருத்தர் மதினி என்றுதான் கூப்பிடுவார்கள். அதைப் பார்த்து நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

ஒரு சாயங்காலம் அக்கா என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"கோடியை மறந்துராத."

"பேசாம படு."

"மறந்துராதன்னு சொல்லுதேன். பொறந்த வீட்டுக் கோடி விழாம என்னைத் தூக்க விடாத. அநாதப் பொணமாப் போயிருவேன்."

பெண் செத்தால் அவள் பிறந்த வீட்டார் புதுச் சேலை கொண்டுவந்து போர்த்தவேண்டும். அது விழுந்த பிறகுதான் எடுப்பார்கள். எங்களில் அதற்காகப் பிணத்தை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வைத்துக் காத்திருப்பார்கள். அந்தச் சேலையை முன்னாலேயே வாங்கி வைக்கவும் கூடாது. உயிர் இருக்கும்போது வாங்கினால் சாவைக் கூப்பிட்ட மாதிரி.

"நல்லதா எடு," என்றாள் அக்கா. "பச்சை மட்டும் வேண்டாம். பச்சையப் பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப் போச்சு."

மதினி காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே சொன்னார், "எடுப்பாரு எடுப்பாரு. தொரைமாரு கூட நடக்கிறவரு. பட்டே எடுப்பாரு."

நான் எடுத்துருவேன் என்றேன்.

மறுநாள் எனக்கு நடை இருந்தது. போகவா வேண்டாமா என்று காலையில் அக்காவிடம் போய் நின்றேன். அவள் கண்ணைத் திறக்காமலே, "நீ இருந்து எனக்காக மூச்சா விடப் போற? போ," என்றாள். பல நாளாக அப்படித்தான் இருந்தாள். போனேன்.

வந்தது ஒரு கணவன் மனைவி, சென்னைக்காரர்கள். ரெண்டு பேருக்கும் அறுபது தாண்டியிருக்கும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபிறகு ஊர் ஊராகப் போய் நடக்கிறார்கள். அந்த அம்மா வாய் ஓயாமல் பேசுவார். சார் பேசமாட்டார், கேமரா வைத்திருந்தார், பறவை பார்ப்பார். சதுப்பில் இறங்குவதற்கு முன்னால் அட்டை ஏறாமல் இருக்க அவர்கள் சாக்ஸில் மூக்குப்பொடி தேய்த்துவிட்டேன். அந்த அம்மா மூணு தும்மல் போட்டார்.

"தம்பி, நீங்க முன்னால போங்க. இவர் கொக்கைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா வருவார்."

"கொக்கு இல்ல, நாரை," என்றார் சார்.

"எதுவா இருந்தா என்ன. குழம்பா வைக்கப் போறோம்?"

கோடியக்கரைச் சதுப்பில் நடந்ததைச் சொன்னார். தனுஷ்கோடி மணலில் நடந்ததைச் சொன்னார். அங்கே ரெண்டு பக்கமும் கடல், நடுவில் ஒரு கோடு மாதிரி ரோடு என்றார். "கடல் பாத்திருக்கீங்களா தம்பி?"

"இல்லம்மா."

"இங்க இருந்து எவ்வளவு தூரம்? ஒரு நாள் போய்ப் பாத்துட்டு வந்துருங்க. நீங்க எங்களுக்கு இத்தனை காட்டுறீங்க."

நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். கரையில் நடந்துகொண்டிருந்தோம். பனி விலகி மேட்டில் தகரக் கூரை தெரிந்தது. அந்த அம்மா கையை நீட்டினார்.

"அது என்ன வரிசை?"

"எஸ்டேட் ஆளுங்க வீடும்மா."

"பழசா இருக்குமே. வெள்ளைக்காரன் காலத்துல கட்டினதா? அதைப் பாக்கலாமா?"

"அங்க பாக்க ஒண்ணும் இல்லம்மா."

"நீங்க அங்கதான் இருக்கீங்களா?"

"இல்லம்மா. டவுன்ல."

சொல்லி முடித்தபிறகுதான் சொன்னது எனக்கே தெரிந்தது. அவர் சும்மா கேட்டார். நானும் சும்மா சொன்னேன். அந்தக் கூரைக்குக் கீழே அக்கா படுத்திருந்தாள்.

சோலைக்காடு தாண்டிப் பழைய ஊருக்குப் போய்ச் சேரும்போது மணி பதினொன்று இருக்கும். அந்த ஊர்க்காரர்கள் ராஜாக்கள் சண்டைக் காலத்தில் மதுரைப் பக்கமிருந்து மலையேறி வந்தவர்கள் என்பார்கள். மண்சுவர் வீடுகள் ஒன்றை ஒன்று ஒட்டி நிற்கும். சந்து ஒரு ஆள் அகலம். சுற்றிலும் படிப்படியாக வயல், பூண்டும் உருளைக்கிழங்கும். சார் சந்து சந்தாகப் போனார். நான் டீக்கடை முன்னால் நின்றேன். வழியில் எங்கும் சிக்னல் கிடையாது, அந்தக் கடை முன்னால் மட்டும் கிடைக்கும். போன் அடிக்க ஆரம்பித்தது. அக்கா மகன், என் மருமகன் கூப்பிட்டிருந்தான், திரும்பத் திரும்ப.

கூப்பிட்டேன்.

"மாமா, அம்மா போயிட்டாங்க. நீங்க போன கொஞ்ச நேரத்துல."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"வாங்க மாமா. கோடிக்குத்தான் வச்சிருக்கு. மூணு மணிக்கு எடுக்கணும்ங்காங்க. மழை மூடிக்கிட்டு வருது, குழியில தண்ணி ஊறுது."

"வந்துர்றேன்," என்றேன்.

அந்த ஊருக்கு ஜீப் உண்டு. காய்கறி மூட்டை ஏற்ற சாயங்காலம்தான் வரும். நடந்தால்தான் சீக்கிரம். நான் தனியாக என்றால் இறங்கி ஓடி, டவுனுக்குப் போய்ச் சேலை எடுத்துக்கொண்டு, மூணு மணிக்கு முன்னால் போய் நின்றிருப்பேன். அவர்களை விட்டுவிட்டுப் போக முடியாது. சோலைக்குள் அன்றைக்குக் காலையில்தான் யானைச் சாணம் ஆவி பறக்கக் கிடந்தது. ஆனால் அவர்களிடம் சொல்லியிருக்கலாம். அம்மா, என் அக்கா செத்துப்போச்சு, வேகமா நடங்க. அவ்வளவுதான். எட்டு வார்த்தைகூட இல்லை.

அந்த அம்மா டீ டம்ளரோடு பக்கத்தில் வந்தார். "யார் தம்பி, வீட்டம்மாவா?"

"இல்லம்மா. தெரிஞ்சவங்க."

அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. சொன்னால், எங்கே வீடு என்பார். அந்தத் தகரக் கூரைதான் என்று சொல்லவேண்டும். காலையில் டவுன் என்றவன் இப்போது லயம் என்று எப்படிச் சொல்வது? இப்போது எழுதும்போது இது ஒரு காரணமே இல்லை. அப்போது அது மலை மாதிரி நின்றது.

"மழை வரும்மா. சீக்கிரம் இறங்கிருவோம்," என்றேன்.

"வரட்டுமே, நனையத்தானே வந்தோம்," என்றார் அந்த அம்மா.

சாருக்கு முழங்கால் வலி. இறக்கத்தில் பக்கவாட்டில்தான் கால் வைத்தார். ஒரு மரத்தில் ஏதோ குருவி என்று நின்றார். ஓடைக்கரையில் சாப்பிட உட்கார்ந்தார்கள். ரிசார்ட்டில் கொடுத்த எலுமிச்சைச் சாதப் பொட்டலம். எனக்கும் ஒன்று. நான் பையில் வைத்தேன்.

"சாப்பிடுங்க தம்பி. எங்களை நடத்தியே பாதி ஆயிட்டீங்க."

"பிறகு சாப்பிடுறேன்மா."

"அட சாப்பிடுங்க. நீங்க சாப்பிடாம நாங்க எப்படிச் சாப்பிடுறது?"

பிரித்தேன். ரெண்டு வாய் சாப்பிட்டேன். எங்கள் லயத்தில் சாவு என்றால் எடுக்கிற வரைக்கும் எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது. பிள்ளைகள்கூட வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும். கூடப்பிறந்தவன் ஓடைக்கரையில் எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டான். மூணாவது வாய் இறங்கவில்லை. அவர்கள் பார்க்காதபோது தண்ணீரில் விட்டேன். மீன் வந்தது.

சதுப்புக்கு மேலே உள்ள மேட்டுக்கு வரும்போது சங்குச் சத்தம் கேட்டது. அப்புறம் சேகண்டி. ஒரு அடி, நிறுத்தி ஒரு அடி. நேரம் ஆகிவிட்டதென்று தெரியும். இருந்தாலும் கேட்கிற வரைக்கும் ஒரு நினைப்பு இருந்தது. இன்னும் வைத்திருப்பார்கள், இன்னும் கொஞ்சம் நேரம் வைத்திருப்பார்கள் என்று.

"ஏதோ கோயில் விசேஷம் போல இருக்கு," என்றார் அந்த அம்மா. "வாங்க வாங்க, பாக்கலாம்."

காலையிலிருந்து மெதுவாக வந்த சார் இப்போது கேமராவை எடுத்துக்கொண்டு முன்னால் போனார். நான் அவரை நிறுத்தவில்லை. பின்னாலேயே போனேன். நாங்கள் கரையில் ஏறிப் பாதி தூரம் வந்துவிட்டோம். எதிர் முனையில் கோரை மறைத்திருந்தது. அது விலகியதும் பாடை தெரிந்தது, முன்னும் பின்னும் ஒவ்வொருவர் தோளில்.

பாடையைப் பின்னால் திருப்ப மாட்டார்கள். வழியில் இறக்கவும் மாட்டார்கள். எதிரே வருகிறவன்தான் இறங்கவேண்டும். அதை நான் சொல்லவேண்டும். அந்த அம்மா பார்த்த உடனே பூட்ஸோடு சேற்றில் இறங்கிவிட்டார். முழங்கால் வரைக்கும் போயிற்று. "கேமராவ உள்ள வைங்க," என்று சாரைப் பார்த்துச் சொன்னார். அவரும் வைத்துவிட்டு இறங்கினார். ரெண்டு பேரும் கும்பிட்டபடி நின்றார்கள். கரையில் நான் மட்டும் நின்றேன், தொப்பியும் விசிலுமாக.

முன்னால் மருமகன் வந்தான். ஈர வேட்டி. என்னைப் பார்த்து நின்றான். அவன் நின்றதால் பாடையும் நின்றது.

"மாமா," என்றான்.

பின்னால் வந்த பழைய கங்காணிதான் பேசினார். லயத்தில் சாவு, கல்யாணம் எதுவானாலும் அவர்தான் முன்னால் நிற்பார். "பொறந்த வீட்டு ஆளு வந்தாச்சுய்யா. இப்பத்தான் டூர் முடிஞ்சிருக்கு."

யாரோ பின்னாலிருந்து, "தொப்பியக் கழட்டச் சொல்லுங்க முதல்ல," என்றார்.

தொப்பியைக் கழற்றினேன். "கோடி..." என்றேன். கையில் ஒன்றும் இல்லாமல் எதற்கு அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"விழுந்துருச்சு," என்றார் கங்காணி. "நாலு மணி வரைக்கும் வச்சுப் பாத்தோம். அப்புறம் எதிர் லயத்தம்மா அவங்க பெட்டியில இருந்த சேலைய எடுத்துட்டு வந்தாங்க. 'நான் மதினின்னு கூப்பிட்டவ. மதினின்னா பொறந்த வீட்டு மருமகதான. நான் போடுதேன்'னாங்க. ஒத்துக்கிட்டோம். அநாதையா அனுப்ப முடியுமா? நீரு வழியை விடும்."

நான் சேற்றில் இறங்கினேன். சென்னைக்காரர்களுக்குப் பக்கத்தில் நின்றேன். பாடை எங்கள் தலை உயரத்தில் போயிற்று. அக்கா மேல் போட்டிருந்த சேலை பச்சை. தீபாவளிக்குத் தன் மகள் எடுத்துக் கொடுத்ததென்று மதினி கட்டாமல் வைத்திருந்தது. அதன் முந்தானை ஒரு பக்கம் தொங்கிக்கொண்டு போயிற்று.

கூட்டம் தாண்டியபிறகு அந்த அம்மா மெல்லக் கேட்டார். "மாமான்னு கூப்பிட்டாரே தம்பி."

"என் அக்காம்மா."

அவர் என்னைப் பார்த்தார். மேட்டில் தெரிந்த கூரையைப் பார்த்தார். டவுன் என்ற சொல் அவர் வாய் வரைக்கும் வந்தது, எனக்குத் தெரிந்தது. சொல்லவில்லை.

"போங்க. நாங்க இங்கயே நிக்கிறோம்."

"ஆனை வரும்மா."

கடைசியில் வந்த ஒருத்தர் நின்றார். என்னோடு ஃபேக்டரியில் இருந்தவர். லயத்தில் என்னைத் துரை என்று கேலி பேசுகிறவர். "நான் இவங்களை மேலே கூட்டிட்டுப் போறேன். நீ போலே," என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

பூட்ஸைக் கழற்றினேன். சேற்றில் கழலவில்லை, உட்கார்ந்து இழுக்கவேண்டி இருந்தது. கூட்டத்துக்குக் கடைசியில் நடந்தேன். கரை முடிந்ததும் முன்னால் போய், மாற்றித் தோள் கொடுக்கக் கையை நீட்டினேன். யாரும் தள்ளிவிடவில்லை, யாரும் விலகியும் இடம் தரவில்லை. தோப்பில் குழிக்குள் தண்ணீர் ஊறியிருந்தது. மகன் மண் போட்டான். பங்காளிகள் போட்டார்கள். "மாமன் மச்சான் போடு," என்றார் கங்காணி. அதில் நான் ஒருத்தன்தான். மூணு பிடி போட்டேன். மண் ஈரமாக இருந்தது, கையை விட்டுப் போகவில்லை. உதறினேன்.

சுடுகாட்டிலிருந்து வந்தால் குளிக்காமல் எங்கும் போகக்கூடாது. லயத்துக் குழாயில் ஆண்கள் வரிசையாக நின்றார்கள். நானும் நின்றேன். அப்போதுதான் பார்த்தேன். சென்னைக்காரர்கள் எதிர் லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாவுக்குக் கால் கழுவத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். கையில் பால் விடாத கட்டன் டீ டம்ளர். எடுத்தாயிற்று, இனி அடுப்பு எரியலாம். சுற்றிலும் பெண்கள். அழுது முகம் வீங்கிப்போய் மதினி அவரோடு பேசிக்கொண்டிருந்தார். நான் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு நின்றேன். குழாய்ச் சத்தத்துக்கு மேல் ஒன்று மட்டும் காதில் விழுந்தது. "அந்தக் கடைசிக் கதவுதான் தம்பியோடது."

சார் திரும்பி என் கதவைப் பார்த்தார். பூட்டித்தான் இருந்தது. பார்க்க ஒன்றும் இல்லை. இருந்தாலும் உடம்பெல்லாம் கூசியது.

ரிசார்ட்டுக்கு நேர் ரோட்டில் கூட்டிப் போனேன். வேறு வழியில் போவதற்கு முகம் இல்லை. அந்த அம்மா பேசவில்லை. காலையிலிருந்து பேசினவர் அவ்வளவு தூரமும் பேசாமல் வந்தார். கேட் பக்கம் வந்து நின்றார்.

"தம்பி, போன் வந்தப்பவே சொல்லியிருந்தா நாங்க ஓடி வந்திருப்போமே. இவர் காலாவது ஒண்ணாவது. இழுத்துட்டு வந்திருப்பேன்."

"தெரியும்மா," என்றேன்.

தெரியும். அதுதான் இன்றைக்கு வரைக்கும் அறுக்கிறது. அவர்கள் மோசமான ஆட்களாக இருந்திருந்தால் எனக்கு ஒரு சாக்கு இருந்திருக்கும். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. எனக்கு அன்றைக்குக் கண்ணீர் வரவில்லை. அவர் கையிலிருந்து என் கையை எப்போது எடுப்பது என்று மட்டும் யோசித்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் நாள் போயிற்று. லயத்தில் யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. குழாயடியில் எனக்கு வழி விட்டார்கள். முன்னால் அப்படி விடமாட்டார்கள், முந்து முந்து என்று தள்ளுவார்கள். இப்போது வெளியாளுக்கு விடுகிற மாதிரி விட்டார்கள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டவுனில் ஒரு சேலை எடுத்துக்கொண்டு மதினி வீட்டுக்குப் போனேன். அவர் ஃபீல்டிலிருந்து அப்போதுதான் வந்து, இடுப்பில் கட்டியிருந்த தார்ப்பாயை அவிழ்த்துக்கொண்டிருந்தார். சேலையை நீட்டினேன்.

"என்ன இது?"

"உங்க சேலைக்கு..."

"அவளுக்கு நான் போட்டது அது. உனக்குக் கடன் குடுக்கல."

நான் நின்றேன். நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. அவர் வாங்கவில்லை. உள்ளே போகவும் இல்லை.

"பதினாறாம் நாளு அவ மகனுக்குத் தலையில உருமா கட்டணும்," என்றார். "தாய்மாமன்தான் கட்டணும். கோடி நான் போட்டுட்டேன். உருமா கட்ட எனக்கு முறை கெடையாது. பொம்பள கட்டக் கூடாது. இல்லேன்னா அதையும் நானே கட்டிருப்பேன். வந்துரு."

"வந்துர்றேன் மதினி."

"போன்லயும் இதத்தான சொன்ன."

சேலையைச் சுருட்டிக்கொண்டு வந்தேன்.

பதினாறுக்கு முதல்நாள் ரிசார்ட்டிலிருந்து மேனேஜர் கூப்பிட்டார். நாலு பேர் இருக்கிறார்கள், காலையில் வரவேண்டும் என்றார்.

"வர முடியாது சார். அக்காவோட கருமாதி."

"உனக்கு அக்கா இருந்தாங்களா? சொன்னதே இல்லையே," என்றார். மலையாளிதான், நல்ல மனுஷன். எங்கே வீடு என்று கேட்டார். சொன்னேன். நம் கேட்டுக்கு மேலேதானே என்றார். ஆமாம் என்றேன். இத்தனை வருஷமும் டவுன் பஸ் பிடிக்கப் போகிற மாதிரி கீழ்ப்பக்கம் கொஞ்ச தூரம் இறங்கி, அப்புறம் தேயிலைக்குள் ஏறித்தான் வீட்டுக்குப் போயிருக்கிறேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

கருமாதி மேல் லயத்து வாசலில் நடந்தது. தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். நான் விடியும் முன்னேயே போய் விறகு கிழித்தேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பெண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள், மதினி முன் வரிசையில். மருமகன் மொட்டைத் தலையோடு மணையில் உட்கார்ந்தான். கங்காணி தட்டில் உருமாத் துணியை வைத்துவிட்டுக் கூப்பிட்டார்.

"பொறந்த வீடு வாங்க."

எழுந்தேன். ஆனால் கால் முன்னால் போகவில்லை. மதினியைப் பார்த்தேன். எல்லாரும் என்னைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தார்கள். அவர் எழுந்து வந்து தட்டிலிருந்து துணியை எடுத்தார். என் கையில் வைத்தார்.

"கட்டு," என்றார். "நேரம் ஆகுதுல்ல."

போய் உட்கார்ந்தார்.

மருமகன் தலையைக் குனிந்தான். நான் சுற்றினேன். மொட்டைத் தலையில் துணி நிற்காமல் வழுக்கியது. ஒருமுறை சுற்றியது விட்டுப்போனது. கூட்டத்தில் ஒரு பெண் சிரிப்பை அடக்கியது கேட்டது. இழுத்துப் பிடித்து முடிச்சுப் போட்டேன்.

"இறுக்குது மாமா," என்றான் மெல்ல, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அன்றைக்குக் கரையில் பேசியபிறகு அவன் என்னிடம் பேசியது அதுதான்.

அவிழ்த்தேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுபடியும் முதலிலிருந்து சுற்றிக் கட்டினேன்.